மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில்

மார்ச் 3

அன்புள்ள வாயாடித் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் அப்பாவும் சௌக்கியம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, தொண்டை எப்படி இருக்கிறது என்பதை முதலில் எழுது. பெருமையெல்லாம் அப்புறம்.

நீ போய் மூன்று வாரமாகிறது. குளிக்கும்போதுகூட எதுகை தேடிக் கத்திக்கொண்டிருந்த ஆள் போன பிறகு, பாத்ரூம் குழாய் சொட்டும் சத்தம் இப்போதுதான் எனக்குக் கேட்கிறது. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. படிக்கட்டில் எதிரே வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி, "பையன் பாட்டுக் கம்பெனியில இருக்கான்" என்கிறார். என்ன பாட்டு என்று யாராவது கேட்டால், "வேகமா பேசுவான்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

நீ ராப் பாட, பின்னால் நான் இசைத்தட்டு தேய்க்க, நம் இரண்டு பேரையும் ஒரே மேடையில் பார்த்த கம்பெனிக்காரர் உன்னை மட்டும் கூப்பிட்டதில் எனக்கு வருத்தமில்லை. இன்னொரு தடவையும் எழுதுகிறேன், வருத்தமில்லை. "தட்டு தேய்க்கிற வேலைய மெஷின் பாத்துக்கும்மா" என்று அவர் சொன்னதுதான் தொண்டையில் நிற்கிறது. பல் செட் செய்யும் கூடத்தில் நாள் முழுக்க நானும் மெஷினோடுதான் மாரடிக்கிறேன். மெஷின் எதைப் பார்த்துக்கொள்ளும், எதைப் பார்த்துக்கொள்ளாது என்பது எனக்குத் தெரியும்.

ஒரு செய்தி. ஜூலை 14 டர்ன்டேபிள் போட்டிக்குத் தனியாகப் பெயர் கொடுத்துவிட்டேன். ஆளுக்கு இரண்டு சுழல்தட்டு, ஆறு நிமிடம். பழைய சாமான் கடையில் ஓர் உடற்பயிற்சி இசைத்தட்டு கிடைத்தது, ஒரே தட்டின் இரண்டு பிரதி. கண்டிப்பான வாத்தியார் குரலில் ஒருவர் "ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு" என்று எண்ணிக்கொண்டே போகிறார். அந்த ஆளை வைத்து ஒரு வேலை பார்க்கப் போகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

உன் அக்கா


மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. தொண்டை நன்றாக இருக்கிறது. வயிறுதான் கேன்டீனோடு சண்டை போடுகிறது. அப்பாவின் முழங்கால் எப்படி? உனக்குத் தோள்வலி விட்டதா?

இங்கே மூன்று மாடி வீடு ஒன்றில் ஆறு பேர் இருக்கிறோம். ஆறு பேரும் ராப் பாடுகிறவர்கள். சாப்பாட்டு மேசையில் உப்பு கேட்டால்கூட யாராவது அதற்கு எதுகை போட்டுவிடுகிறார்கள். எங்களை மேய்ப்பவர் ஒரு தயாரிப்பாளர். வீட்டுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றமாட்டார், அதனால் அவர் பெயரே கண்ணாடி. கையில் எப்போதும் ஒரு ஸ்டாப் வாட்ச். பாட்டு தொடங்கி ஏழு வினாடிக்குள் ஜனங்கள் கூடவே கத்துகிற மாதிரி ஒன்று வரவேண்டும். வராவிட்டால் எட்டாவது வினாடியில் கையைத் தூக்கி, "அடுத்தது" என்பார்.

என் நான்கு பாட்டுக்கும் கை தூக்கிவிட்டார். லிஃப்ட் நின்றுபோன கட்டடத்தில் ஏழாவது மாடிக்குத் தண்ணீர் சுமக்கிற பெண்ணைப் பற்றி நாம் எழுதினோமே, உனக்குப் பிடித்த பாட்டு, அதற்கும்தான். "தம்பி, ஜனங்க ஏற்கெனவே படிக்கட்டுலதான் ஏறிட்டிருக்காங்க. நீ அவங்களுக்கு ஒரு கார் குடு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் அக்கா.

மே மாதக் கடைசிக்குள் ஒரு பாட்டாவது தேறாதவர்கள் பெட்டியைக் கட்ட வேண்டுமாம். அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டாதே. அவர் படிக்கட்டில் நிறுத்தியவர்களிடமெல்லாம் மறுபடி போய்ச் சொல்ல வேண்டியிருக்கும்.

ஃபோன் மேனேஜர் அறையில் இருக்கிறது. பேசும்போது பக்கத்தில் ஆள் நிற்பார். கடிதமே மேல். நீ செய்வது எதையாவது கேட்டால் தெம்பு வரும்.

அன்புடன்,
தம்பி


ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே இருவரும் நலம். தோள்வலி அப்படியேதான் இருக்கிறது, அதுவும் இந்த வீட்டில் ஓர் ஆள் மாதிரி ஆகிவிட்டது. உன் வயிறு இப்போது தேவலையா?

சிரித்தேன் என்று எழுதியிருந்தாய். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். சிரிக்காமல் இருந்திருக்கலாம். சரி, அங்கே இருப்பவன் நீ, நான் இல்லை.

தெம்புக்குக் கேசட் ஒன்று அனுப்புகிறேன். யோசனை இதுதான். ஒருவருக்கு மூன்று வரை எண்ணிக் காட்டினால் நான்கு தானாகவே அவர் மனதில் வந்து நின்றுவிடுகிறது. அந்த நான்கைக் கொடுக்காமல் வைத்திருந்தால்? ஐந்தரை நிமிடம் அந்த வாத்தியாரை ஒன்றுக்கும் மூன்றுக்கும் நடுவே ஓடவிடுகிறேன். கெஞ்சுகிறார், அதட்டுகிறார், மூச்சு வாங்குகிறார், நான்குக்கு மட்டும் போகவிடமாட்டேன். கடைசியில் தெளிவாக ஒரு "மூன்று". அதோடு இரண்டு தட்டையும் நிறுத்திவிடுவேன். மூன்று முழு வினாடி சத்தமே கிடையாது. அரங்கில் இருக்கும் ஒவ்வொருவரும் உள்ளுக்குள் நான்கு என்று சொல்லித் தவிக்க வேண்டும். பிறகுதான் அவர் சொல்வார், "நான்கு." அவ்வளவுதான். அந்த மூன்று வினாடிக்காகத்தான் மற்ற ஐந்தரை நிமிடமும்.

இன்னும் கை படியவில்லை. கேசட்டில் கடைசி இடத்தில் விரல் வழுக்கி "மூ... மூ... மூன்று" என்று திக்கும். அது பிழை, கண்டுகொள்ளாதே.

யாருக்கும் போட்டுக் காட்டாதே. போட்டி விதி உனக்கே தெரியும், பிறர் செய்ததைச் சுட்டு வாசித்தால் இரண்டு வருடம் எந்த மேடையும் கிடையாது. போன வருடத்தில் இருந்து வெளியே ஒரு துண்டு கசிந்தாலும் பிரச்சினையாகிறது.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அப்பா தினமும் கேட்கிறார்: "அந்தத் தட்டு கீறிப்போச்சுன்னா தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கேம்மா." ஏழு வருடமாக இதே கேள்வி.

சாப்பிடு. தூங்கு.

அக்கா


ஏப்ரல் 30

அன்புள்ள அக்கா,

பதில் தாமதத்துக்கு மன்னித்துவிடு. நான் நலம். தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா? அப்பாவுக்கு ஒரு சட்டை தனியாக அனுப்பியிருக்கிறேன், அளவு சரியா என்று எழுது.

கேசட் கேட்டேன். முதல் தடவை கேட்டபோது அந்த மூன்று வினாடியில் மூச்சுவிட மறந்துபோனேன். நீ பெரிய ஆள்.

ஒரு நல்ல செய்தி. என் பாட்டு ஒன்று தேறிவிட்டது. கண்ணாடியே கைகொடுத்தார். கார் பற்றிய பாட்டுதான், நீ கிண்டல் செய்வாய் என்று தெரியும். ஒப்பந்தத் தாள் எட்டுப் பக்கம் இருந்தது, கையெழுத்துப் போட்டுவிட்டேன். அப்பாவிடம் சொல். படிக்கட்டு முழுக்கச் சொல்லச் சொல்.

வேறு என்ன எழுத? வேலை அதிகம்.

தம்பி


மே 18

அன்புள்ள தம்பிக்கு,

எல்லாரும் நலம். சட்டை அப்பாவுக்குத் தோளில் பெரிது, வயிற்றில் சின்னது. ஆனாலும் கழற்றமாட்டேன் என்கிறார். உன் உடம்பு எப்படி? கடிதம் இளைத்துப்போயிருக்கிறதே, ஆளும் அப்படியா?

கார் பாட்டுக்கு வாழ்த்து. நம் வீட்டில் சைக்கிள்கூடக் கிடையாது என்பது கண்ணாடிக்குத் தெரியுமா? கிண்டல் இருக்கட்டும். அப்பா சந்தோஷத்தில் அன்று இரண்டு தடவை டீ போட்டார். நானும் சந்தோஷப்பட்டேன். ஒன்றைமட்டும் கேட்டுவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. நம் மேடையில் உன் பாட்டைக் கேட்டவர்கள் வீட்டுக்குப் போகும்போது சண்டை போட்டுக்கொண்டு போனார்கள், ஞாபகமிருக்கிறதா? நீ சொன்னது சரியா தப்பா என்று பஸ் நிறுத்தம் வரை சண்டை. ஏழு வினாடியில் கூடவே கத்திவிட்டால், சண்டை போட என்ன மிச்சமிருக்கும்?

என் வேலை நன்றாக நடக்கிறது. விரல் ஏன் வழுக்குகிறது என்று கண்டுபிடித்தேன். பிழை விரலில் இல்லை, தட்டுக்கு அடியில் போடும் துணியில்தான். பல் செட்டுக்குப் பளபளப்பு ஏற்றும் கம்பளித் துணியை வட்டமாக வெட்டிப் போட்டேன். இப்போது தொட்ட இடத்தில் நிற்கிறது. "மூன்று" கண்ணாடி மாதிரி தெளிவு. உங்கள் கண்ணாடி இல்லை, நிஜக் கண்ணாடி.

பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், அந்தக் கேசட்டைத் திருப்பி அனுப்பு. என்னிடம் வேறு பிரதி இல்லை.

அக்கா


ஜூன் 20

அன்புள்ள அக்கா,

அவசரத்தில் ஒரு கார்டு. நான் நலம், நீங்கள் இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

டிவிக்கு மூன்று நாள் படப்பிடிப்பு. என் பின்னால் தொப்பி போட்ட ஒருவரை இரண்டு டர்ன்டேபிளோடு நிறுத்தியிருந்தார்கள். எட்டிப் பார்த்தேன், ஒயரே கிடையாது. தட்டைச் சும்மா தடவிக்கொண்டே இருந்தார். நீ பார்த்திருந்தால் மேடையிலேயே அவரை அறைந்திருப்பாய்.

கேசட் பத்திரமாக எங்கோ இருக்கிறது, தேடி அனுப்புகிறேன். பாட்டு ஜூலை முதல் வாரம் வருகிறது. நீ ரேடியோ கேட்பதில்லை, தெரியும். கேட்க வேண்டாம்.

தம்பி


ஜூலை 6

தம்பிக்கு,

அப்பா நலம். நான் நலம் என்று எழுதக் கை வரவில்லை.

நேற்று அப்பா முடிவெட்டக் கடைக்குப் போனார். பாதி முடியோடு எழுந்து வீட்டுக்கு ஓடி வந்தார், கழுத்தில் கடைக்காரர் துண்டு அப்படியே இருந்தது. "ஏம்மா, உன் தேய்ப்பு ரேடியோல வருது! நம்ம பையன் பேசுறான், பின்னாடி நீ தேய்க்கிறே! ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணதை ஏன் என்கிட்ட சொல்லவே இல்லே?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். ஏழு வருடம் கீறல் என்று சொன்ன மனுஷன், இரண்டே வினாடியில் அது என் கை என்று கண்டுபிடித்துவிட்டார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததால் எதுவும் சொல்ல முடியவில்லை.

பிறகு நானே கேட்டேன். என் வாத்தியார்தான். என் பிழைதான். "மூமூ மூன்று, மூமூ மூன்று" என்று நான்கு வினாடிக்கு ஒருமுறை திக்குகிறார், அதன் மேல் நீ காரில் ஏறி இறங்குகிறாய். கூடத்தில் மெழுகு உருக்கும் பெண்கூட அதை முணுமுணுக்கிறாள்.

எப்படி நடந்தது என்று இப்போது கேட்கவில்லை. போட்டிக்கு எட்டு நாள் இருக்கிறது. வேறு ஒன்று செய்ய எட்டு நாள் போதாது. சுட்டது என்று யாராவது சொன்னால், என்னுடையது என்று காட்ட என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. கேசட்டும் உன்னிடம்.

ஒரே ஒரு வரி எழுதி அனுப்பு. "இந்த ஸ்க்ராட்ச் என் அக்கா செய்தது." கீழே கையெழுத்து. அது போதும். இந்தக் கடிதம் மூன்று நாளில் உனக்குக் கிடைக்கும். அன்றே போட்டால் பன்னிரண்டாம் தேதி என் கைக்கு வந்துவிடும்.

அக்கா


ஜூலை 16

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா சௌக்கியம். என் கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். நேற்று கூடத்தில் ஏதோ ஞாபகத்தில் அச்சு செதுக்கும் கத்தியை விரலில் விட்டுக்கொண்டேன். நான்கு தையல், பெரிய கட்டு. பயப்பட ஒன்றுமில்லை.

பன்னிரண்டு, பதின்மூன்று இரண்டு நாளும் தபால்காரரை வாசலில் நின்று பார்த்தேன். போட்டியன்று ஞாயிறு, தபால் கிடையாது என்று தெரிந்தும் காலையில் பெட்டியைத் திறந்து பார்த்தேன். பிறகு தட்டுகளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பூப்பந்து ஆடும் கூடம் ஒன்றில் போட்டி. இருநூறு பேர் இருப்பார்கள். நன்றாகத்தான் வாசித்தேன், என் வாழ்க்கையிலேயே அவ்வளவு நன்றாக வாசித்ததில்லை. முதல் நிமிடத்திலேயே சிலர் சிரிக்க ஆரம்பித்தார்கள். நான் தலை நிமிரவில்லை. கடைசியில் "மூன்று" சுத்தமாக விழுந்தது. தட்டுகளை நிறுத்தினேன். அந்த மூன்று வினாடி வந்தது.

இருநூறு பேரும் சேர்ந்து கத்தினார்கள். "மூமூ மூன்று! மூமூ மூன்று!" கைதட்டல், விசில். யாரும் நான்குக்குக் காத்திருக்கவில்லை. நான்கு எப்போது வந்தது என்று எனக்கே கேட்கவில்லை.

நடுவர் மைக்கில் கேட்டார், "இது யாரோடதும்மா?"

"என்னோடது."

"அப்போ ரேடியோல வர்றது?"

"அதுவும் என்னோடதுதான்."

எல்லாரும் சிரித்தார்கள். ஏதாவது ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். பக்கத்தில் இருந்த நடுவர், "சுட்டதுதான் சுட்டே, ஒழுங்காவாவது சுட்டிருக்கலாம். அந்த மூமூ எங்க?" என்றார். அதற்கும் சிரித்தார்கள்.

இரண்டு வருடத் தடை. ஆதாரம் கிடைத்தால் ஆகஸ்ட் 31க்குள் போட்டிக் குழுவிடம் முறையிடலாமாம்.

உன் கடிதம் தபாலில் எங்காவது மாட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். சில சமயம் அப்படி ஆகிவிடுகிறது.

அக்கா


ஜூலை 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அப்பாவை விசாரித்ததாகச் சொல். நீ விரல் கட்டைத் தண்ணீரில் நனைக்காதே, தையல் பிரிக்கும்வரை கூடத்துக்கு லீவு போட்டால் நல்லது.

உன் கடிதம் இன்றுதான் கிடைத்தது, உடனே பதில் எழுதுகிறேன். நீ கேட்ட வரி இதோ: வெளிவந்திருக்கும் என் பாட்டில் உள்ள ஸ்க்ராட்ச் முழுக்க என் அக்கா செய்தது, அவள் கேசட்டிலிருந்து எடுக்கப்பட்டது. இதை யாரிடம் வேண்டுமானாலும் காட்டு.

இங்கே தபால் தாமதமாகிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள். போட்டிக்கு முன் கிடைத்துவிடும் என்று நம்புகிறேன். நீ கட்டாயம் ஜெயிப்பாய்.

எப்படி நடந்தது என்பதை நேரில் சொல்கிறேன். நான் எதையும் வேண்டுமென்று செய்யவில்லை.

உன் அன்புத் தம்பி


ஆகஸ்ட் 2

தம்பி,

கடிதம் வந்து ஆறு நாளாகிறது. முதல் தடவை படித்தபோது அழுதேன். என் தம்பி அன்றே எழுதிவிட்டான், பாழாய்ப்போன தபால்தான் கெடுத்தது என்று அப்பாவிடம் சொல்லிச் சொல்லி அழுதேன். இரண்டாம் தடவை படித்தபோது அழுகை நின்றுவிட்டது.

ஜூலை 9 என்று தேதி போட்டிருக்கிறாய். விரல் கட்டை நனைக்காதே என்கிறாய். என் விரல் கிழிந்தது பதினைந்தாம் தேதி.

உறையைத் தேடி எடுத்துப் பார்த்தேன். முத்திரையில் இருபத்து நான்கு என்று இருக்கிறது. நொடியில் பத்தில் ஒரு பங்கு தவறினாலும் கண்டுபிடிக்கிறவளிடம் பதினைந்து நாளைத் தள்ளிப் போட்டால் தெரியாதா? நல்ல பிள்ளையாக முதலில் உடம்பை விசாரித்தாய் பார், அதில் மாட்டிக்கொண்டாய்.

தபால் தாமதம் என்று யோசனை கொடுத்ததே நான்தான். உனக்கு ஒரு கதவு திறந்து வைத்தேன், நீ எட்டிப் பார்ப்பாய் என்று நினைக்கவில்லை.

இந்தக் கடிதத்தைக் குழுவில் காட்டினால் நம்பிவிடுவார்கள். நீ எழுதிய வரி உண்மைதானே. ஆனால் உண்மையை எழுதி அதன் தலையில் பொய்யை வைத்திருக்கிறாய். இதைக் கையில் வைத்துக்கொண்டு நான் எந்த மேடையிலும் ஏறமாட்டேன்.

எனக்கு எரிகிறது. ரேடியோ சத்தம் கேட்டால் எழுந்து வெளியே போய்விடுகிறேன். அப்பாவுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை, அவர் இன்னும் நீ அன்றே எழுதியதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

சரியான தேதி போட்டு இன்னொன்று எழுது. ஏப்ரலிலிருந்து நடந்ததை எழுது. கேசட்டை அனுப்பு.

அக்கா


ஆகஸ்ட் 20

அக்கா,

உடம்பை விசாரிக்கக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன், விரல் ஆறிவிட்டதா? தட்டைத் தொட முடிகிறதா?

இன்று ஆகஸ்ட் 20 தான்.

மே கடைசிவரைகூடப் பொறுக்காமல் ஏப்ரல் பதினொன்றாம் தேதியே இரண்டு பேரை அனுப்பிவிட்டார்கள். என் ஆறாவது பாட்டுக்கும் கண்ணாடி கை தூக்கினார். "வேற ஒண்ணும் இல்லையா?" என்றார். என் பையில் உன் கேசட் இருந்தது. யாருக்கும் காட்டாதே என்று நீ எழுதியதும் ஞாபகம் இருந்தது. போட்டேன். ஐந்தரை நிமிடமும் அவர் ஸ்டாப் வாட்ச்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் வழுக்கிய இடத்தில் தலை நிமிர்ந்தார். "நிறுத்து. அந்த மூமூ. அதை மட்டும் வெட்டி எடு." அது பிழை சார் என்றேன். "பிழையை யாரு கேக்கிறா?" என்றார். யார் செய்தது என்று கேட்டபோது, நான்தான் என்றேன். ஒப்பந்தத்தின் அந்த எட்டுப் பக்கத்தில் ஒரு பக்கம் அதுதான். பாட்டில் உள்ள ஒவ்வொரு சத்தமும் என் சொந்த வேலை, வேறு யாருக்கும் பங்கில்லை.

உன் ஜூலை 6 கடிதம் ஒன்பதாம் தேதியே வந்தது. குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். தாளும் பேனாவும் எடுத்தேன். எழுதினால் ஒப்பந்தம் போகும், என்னையும் அனுப்பிவிடுவார்கள். ஒருவேளை யாரும் உன்னைக் கேள்வி கேட்காமல் விட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். தினமும் நாளைக்கு எழுதலாம் என்றிருந்தேன். பதினான்காம் தேதி முடிந்ததும், அப்பாடா, இனி எழுதிப் பிரயோஜனமில்லை என்று தோன்றியது. அதுதான் எல்லாவற்றையும்விடக் கேவலம். பயந்துவிட்டேன் அக்கா.

ஒன்றைமட்டும் கேட்கிறேன். அந்த உடற்பயிற்சி ஆளிடம் நீ கேட்டுக்கொண்டா எடுத்தாய்? நாம் எல்லாரும் ஒருவர் சத்தத்தை எடுத்துத்தானே செய்கிறோம்? இதை நினைத்துத்தான் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன்.

கேசட்டை இத்துடன் அனுப்புகிறேன். இந்தக் கடிதத்தை நீ என்ன வேண்டுமானாலும் செய்துகொள். கீழே முழுக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

செப்டம்பர் 15 பெரிய மேடை இருக்கிறது, பத்தாயிரம் பேர் வருவார்கள். அதுவரை மட்டும் பொறுக்க முடியுமா? கேட்க எனக்கு உரிமையில்லை. கேட்கிறேன்.

தம்பி


ஆகஸ்ட் 24

அன்புள்ள தம்பிக்கு,

விரல் ஆறிவிட்டது. நுனியில் கொஞ்சம் மரத்திருக்கிறது. சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடரைத் தள்ளும்போது தெரிகிறது, பழகிக்கொள்வேன். அப்பா நலம். நேற்று அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீ அனுப்பிய சட்டையைக் கழற்றி, மடித்து, அலமாரியில் வைத்தார். சாப்பிட்டார். பிறகு என் அறைக்கு வந்து, "அந்தக் கடைசி பாகத்தை வாசி, கேக்கிறேன்" என்றார். வாசித்தேன். மூன்று வினாடியும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார்.

உன் கேள்விக்குப் பதில். அந்த ஆளிடம் நான் கேட்கவில்லை. ஜனங்கள் குனிந்து நிமிர்வதற்காக அவர் எண்ணினார். அந்த எண்ணிக்கையில் அவரே கேட்டிராத ஒன்றை நான் நான்கு மாதம் தேடினேன். நீ எதைத் தேடினாய்? வெட்டியது கண்ணாடி, சுற்றவிட்டது மெஷின், என் பெயரை எடுத்தது நீ. நீ அதை வாங்கி வேறொன்றாக மாற்றிக் காட்டியிருந்தால், சண்டை போட்டுவிட்டு அன்றைக்கே கைதட்டியிருப்பேன்.

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். பயந்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். இந்த ஆறு மாதத்தில் நீ எழுதியதில் அந்த வரியில்தான் என் தம்பி இருக்கிறான். அதனாலேயே இந்த முடிவு கஷ்டமாக இருந்தது.

செப்டம்பர் 15 வரை பொறுக்க முடியாது. குழுவில் ஆகஸ்ட் 31தான் கடைசி. இரண்டு வருடம் என்னால் சும்மா இருக்க முடியாது. எனக்கு வேறு மேடை கிடையாது, அப்பாவைத் தவிர என் மௌனத்தைக் கேட்டவர்களும் யாரும் கிடையாது. முப்பதாம் தேதி காலை பத்து மணிக்கு உன் கடிதத்தையும் கேசட்டையும் குழுவிடம் நேரில் கொடுக்கப் போகிறேன். அதன் பிறகு உன் ஒப்பந்தம் என்ன ஆகும், பத்தாயிரம் பேர் மேடை என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்கிறேன். உனக்காக வருத்தப்படுகிறேன், ஆனால் செய்கிறேன்.

இந்தக் கடிதம் இருபத்தெட்டாம் தேதி உனக்குக் கிடைக்கும். உனக்கு இரண்டு நாள் இருக்கிறது. வேறு யார் வாயிலிருந்தும் கேட்பதற்கு முன் கண்ணாடியிடம் நீயே போய்ச் சொல்வதற்கு அது போதும். எனக்கு நீ இரண்டு நாள்கூடத் தரவில்லை.

வீட்டுக்கு வருவதென்றால் வா. கதவைத் திறப்பேன். பேசுவேனா என்று தெரியாது.

இன்று ஆகஸ்ட் 24, காலை ஏழரை மணி. இதைப் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன்.

உன் அக்கா